118 கிலோமீட்டர், 11 காட்சி முனைகள், அரை நாள்: கணக்கில் ஓட்டை இருக்கிறதா?

மார்ச் 4, காலை 8.10 (வாசகர் கேள்வி)

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து கிளம்பி, மலைமேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபக்கம் இறங்குவதாகத் திட்டம். மொத்தம் 118 கிலோமீட்டர். கைப்பேசி வரைபடம் 3 மணி 10 நிமிடம் என்கிறது. வழியில் 11 காட்சி முனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை மூன்றுக்கு அடிவாரம். வண்டியில் ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். நான்தான் ஓட்டுவேன். மலையில் அதிகம் ஓட்டியதில்லை. கணக்கில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 9.25

கூட்டல் சரிதான். மலை கூட்டலுக்குக் கட்டுப்படாது, அவ்வளவுதான்.

பத்து நிமிடம் என்பதை எங்கே பிடித்தீர்கள்? எஞ்சினை அணைத்த நொடியிலிருந்து மறுபடி முடுக்கும் நொடிவரை ஒருமுறை கடிகாரம் பார்த்தேன். 23 நிமிடம். அதில் பள்ளத்தாக்கைப் பார்த்த நேரம் ஆறு நிமிடம்கூட இருக்காது. மீதி நேரம் செருப்பைத் தேடுவது, கதவை மூடுவது, யாரோ எதையோ மறந்துவிட்டு மறுபடி கதவைத் திறப்பது, "எல்லோரும் ஏறியாயிற்றா" என்று மூன்று முறை கேட்பது. அன்று எங்கள் வண்டியில் நான்கு பேர்தான். நீங்கள் ஐந்து பேர்.

பதினொன்றை மூன்றாக்குங்கள்.

மார்ச் 4, மதியம் 1.05

மூன்று போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது இடத்தில் பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள், ஐந்தாவதில் பெரியவர்களும் இறங்க மாட்டார்கள். ஒரே பள்ளத்தாக்கைத்தான் பதினொரு கோணத்தில் காட்டுவார்கள். அதற்கு ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். மேகத்தின் நிழல் எதிர்ச்சரிவில் ஊர்ந்து போவதைப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும்.

மூன்றில் ஒன்றைப் பெயர் போடாத இடமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான பாதை, அகலமான ஓரம், பின்னால் வருபவருக்கு தூரத்திலிருந்தே உங்கள் வண்டி தெரிய வேண்டும். வளைவை ஒட்டி மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். வளைந்து வந்தவர் உங்களைப் பார்த்து, திகைத்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த 11 மீட்டர் தீர்ந்திருக்கும்.

மார்ச் 4, இரவு 10.40

காலை பத்து மணி என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பத்து மணிக்குக் கிளம்புவதென்றால் மேகத்துக்குள் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும். அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலேறும். மேலேறிய காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் மேகமாகத் திரளும். அதனால்தான் பல மலைகளில் காலையில் கண்ணாடிபோல் தெரிந்த சிகரம் நண்பகலுக்குள் முக்காடு போட்டுக்கொள்கிறது. விடிவதற்கு முன் அடிவாரத்தில் இருங்கள். சாய்ந்த வெயிலில் மலை மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே மலை தட்டையான பச்சைத்துணி.

கம்பளியை எடுத்து வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்தின் புழுக்கத்தில் நின்றுகொண்டு இதை யாரும் நம்புவதில்லை. நானும் நம்பியதில்லை. உச்சியில் கார் மிதியடியைப் போர்த்திக்கொண்டு நின்றேன்.

மார்ச் 5, காலை 7.15

வட்டப்பாதை என்கிறீர்களே, எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள்? சாலையின் இடப்புறம் ஓட்டும் நாடு என்றால் மலையை வலம் வாருங்கள். மலை வலக்கைப் பக்கம் இருக்கும், பள்ளத்தாக்கு இடக்கைப் பக்கம், அதாவது உங்கள் ஓரத்திலேயே. வண்டியை ஒதுக்கி நிறுத்த எதிர்த்திசையைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. வலப்புறம் ஓட்டும் நாட்டில் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்.

மார்ச் 5, காலை 7.50

திருத்தம். பல் துலக்கும்போது தோன்றியது. நான் சொன்னது மலையைச் சுற்றும் பாதைக்கு. உங்கள் வட்டம் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றுகிறது என்றால் எல்லாம் தலைகீழ். அப்போது இடமாகத்தான் சுற்ற வேண்டும். வரைபடத்தில் உயரக்கோடுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. பள்ளத்தாக்கு உங்கள் ஓரத்தில் இருந்தால் காட்சி உங்களுடையது, பயமும் உங்களுடையது. எதிரே பெரிய வண்டி வந்தால் விளிம்புப் பக்கம் ஒதுங்க வேண்டியவர் நீங்கள். மலைக்குப் புதியவர் பாறைப் பக்கத்தை விரும்பினால் அது கோழைத்தனம் ஆகாது. அம்மாவுக்கு எந்த ஜன்னல் பிடிக்கும் என்று கேட்டுவிடுங்கள். என் அத்தை பள்ளத்தாக்குப் பக்கம் உட்கார்ந்து 40 கிலோமீட்டரும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். காட்சி முனையில் இறங்கியதும் "எங்கே, ஒன்றும் தெரியவில்லையே" என்றார்.

மார்ச் 5, இரவு 9.30

இப்போது இறக்கம். இதுவரை எழுதியதெல்லாம் வசதிக்கு, இது உயிருக்கு.

மலைக்குப் புதியவர்கள் ஏற்றத்தை நினைத்துப் பயப்படுவார்கள். ஏற்றத்தில் தவறு செய்தால் வண்டி திணறும், எஞ்சின் அணையும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். இறக்கத்தில் வண்டி திணறாது. மிகவும் ஒத்துழைக்கும். அங்கேதான் ஆபத்து.

ஓட்டக் கற்ற இரண்டாம் ஆண்டில் நான்கு பேரோடு ஒரு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். நான்காவது கியர், வலது கால் பிரேக்கின் மேல், பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் ஏதோ கருகும் வாடை. முன்னால் போகும் லாரிதான் என்று ஜன்னலை ஏற்றினேன். லாரி ஒரு திருப்பத்தில் ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டது. வாடை எங்களோடேயே வந்தது. அடுத்த வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. பஞ்சுப்பொதியை மிதித்ததுபோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கால் தரையைத் தொடுவதற்கு ஒரு விரல் மிச்சம். தூக்கித் தூக்கி மிதித்தேன், கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் இறக்கினேன், எஞ்சின் கதறியது, வண்டி வளைவுக்குள் தள்ளாடி நின்றது. பின்னிருக்கையில் யாரும் எழுந்திருக்கக்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்சக்கரத்திலிருந்து நீலப்புகை மெல்ல எழுந்து வந்தது.

நடந்தது இதுதான். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் நான்கு யூனிட் மின்சாரத்துக்கும் மேல். இறங்க அரை மணி நேரம் என்று வையுங்கள். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு 2000 வாட் ஹீட்டர்களைக் கட்டி, அரை மணி நேரமும் அணைக்காமல் ஓட விட்டதற்குச் சமம். காற்றும் டயர் உரசலும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் வாங்கும். நான் எல்லாவற்றையும் பிரேக்கின் தலையில் கட்டியிருந்தேன்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். அதுதான் என் காலுக்குக் கிடைத்த பஞ்சுப்பொதி. எண்ணெய் மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள்.

அப்பா இதையெல்லாம் நாலே சொல்லில் முடிப்பார்: ஏறிய கியரிலேயே இறங்கு, போதும். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கியர். பிரேக்கைத் தடவிக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். தானியங்கி கியர் வண்டியிலும் தாழ்ந்த கியரைப் பிடித்து வைக்க ஒரு வழி இருக்கும். கையேட்டை வீட்டிலேயே புரட்டிப் பாருங்கள்; மலையில் போய்த் தேட வேண்டாம்.

மார்ச் 6, காலை 6.40

வாடை வந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஒதுங்கி நிறுத்துங்கள். அரை மணி நேரம் சும்மா இருங்கள். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டு இரும்பு கோணிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுங்கள்.

கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். மலைச்சாலையில் நடுவழியில் கிடக்கும் கல்லெல்லாம் மலையிலிருந்து உருண்டவை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி நம்மவர்கள் வைத்தவை.

மார்ச் 6, மதியம் 12.20

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சம் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். எஞ்சினையே அணைத்துவிடுவாராம். ஐயா, வேண்டாம். எஞ்சின் அணைந்தால் பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். இன்றைய ஊசிபீய்ச்சு எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அநேகமாக நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் சும்மா ஓடுவதற்காக எரிபொருளைக் குடிக்கும். பணத்துக்கும் நஷ்டம், பிரேக்குக்கும் கேடு.

பழைய கார்புரேட்டர் வண்டியில் கொஞ்சம் மிச்சம் ஆகியிருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்திலும் மருத்துவச் செலவைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மார்ச் 6, மதியம் 12.45

"ஊசிபீய்ச்சு" என்று எழுதியதைச் சிரித்திருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன். போதுமா?

மார்ச் 6, இரவு 8.15

பிள்ளைகளுக்கு வாந்தி வருமா என்ற கேள்வி. வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடல் வளைவதைக் காது உணர்கிறது, புத்தகத்திலோ கைப்பேசியிலோ இருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு பலியாகிறது. அடுத்த வளைவு முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஓட்டுநருக்கு அநேகமாக வருவதில்லை. அதையே பிள்ளைகளுக்கும் கொடுங்கள்: வளைவு வரும் முன் வலமா இடமா என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். என் தங்கை மகன் முதல் மலைப்பயணத்தில் மூன்று முறை வாந்தி எடுத்தான். இரண்டாவது பயணத்தில் அவனைக் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணச் சொன்னேன். 27 எண்ணினான், ஒருமுறைகூட எடுக்கவில்லை.

ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கிக்குள் இருந்தால் அது பையே இல்லை.

மார்ச் 7, காலை 7.00

அந்தச் சாலையில் 26 வளைவுகள்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாலையின் பெயரை நான் எங்குமே சொல்லவில்லை! ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார். 27 என்பதில் மாற்றமில்லை.

எண் பலகை நட்டுவிட்டால் இந்தச் சண்டையே வராது. கொல்லிமலைக்கு 70, வால்பாறைக்கு 40 என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் வடகிழக்குப் பக்கம் மட்டும் 48, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட கல் உண்டு. 1820க்கும் 1825க்கும் இடையில் கட்டிய சாலை அது, உச்சி 2,757 மீட்டர். குதிரை வண்டி சிரமப்படாமல் ஏற வேண்டும் என்று போட்ட வளைவுகளில் இன்று மோட்டார் சைக்கிள்கள் பந்தயம்போல் சீறுகின்றன.

மார்ச் 7, மதியம் 3.30

மாலை வெளிச்சம் எப்போது போகும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாள்காட்டியில் போட்டிருக்கும் சூரிய அஸ்தமனம் சமவெளிக்கு. உங்கள் மேற்கே முகடு இருந்தால் முன்பே நிழல் விழுந்துவிடும். கையை நேராக நீட்டி முட்டி மடக்குங்கள். முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி. சூரியன் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்கிறது. முகட்டுக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு முட்டி இருந்தால் இன்னும் 40 நிமிடம்.

மார்ச் 7, மாலை 5.10

அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. அங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். வடக்கே, தெற்கே தள்ளிப் போகப்போகச் சாய்ந்து இறங்கும், ஒரு முட்டிக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஐரோப்பாவிலிருந்து படிக்கும் வாசகர் சுட்டிக்காட்டினார். அவர் முட்டியும் என் முட்டியும் ஒரே அளவுதான், சூரியன்தான் அவரிடம் தாராளமாக இருக்கிறது.

மார்ச் 8, காலை 6.20

மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு: நீங்கள் பாக்கியசாலி, இறக்கத்தில் பிரேக்குக்குப் போக வேண்டியதில் பெரும்பங்கு மின்கலத்துக்குத் திரும்பிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. மலை உச்சியில் தங்கி, இரவெல்லாம் மின்னேற்றி, நூறு சதவீதத்தோடு இறங்கக் கிளம்பாதீர்கள். நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும் வேலையை வண்டி குறைத்துக்கொள்ளும், பிரேக்குக்கு மறுபடி வேலை வந்துவிடும். கொஞ்சம் காலியிடம் விட்டு வையுங்கள்.

மார்ச் 8, இரவு 11.00

சின்னச் சின்னதாகச் சில. குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும். இந்தியாவில் அது சாலை விதியே. மூடுபனியில் விளக்கை டிம்மில் வையுங்கள், பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். சரிவில் நிற்கும்போது எரிபொருள் முள்ளை நம்பாதீர்கள், தொட்டிக்குள் மிதவை சாய்ந்திருக்கும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தேன் என்று சொல்லாதீர்கள், பாருங்கள்.

தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பதினாறு ஆண்டுகளாக அந்த 27 வளைவுகளில் நான்தான் ஓட்டியிருக்கிறேன். போன டிசம்பரில் மணிக்கட்டு பிசகியிருந்ததால் தங்கை ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒன்பதாவது வளைவுக்கு மேலே ஓர் அருவி இருந்தது. மழைக்காலத்து அருவியா என்று கேட்டேன். "எப்போதும் இருக்குமே, அண்ணா" என்றாள். அந்த இடத்தை நூறு முறையாவது கடந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே சாலையின் உள்விளிம்பு சரிந்திருக்கும், கியரைக் குறைக்க வேண்டும் என்பது.

வண்டியில் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் உண்டா? இருந்தால் பாதி வழியில் இருக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மார்ச் 16, இரவு 9.05

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்து தனிமடல் அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு சுருக்கமாக. விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். மூன்று முனைகள் போதும் என்று முடிவு செய்து, இரண்டில்தான் நின்றார்கள். இரண்டாவதில் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. போய்விடலாம் என்று இவர் சொல்ல, அம்மா மறுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மேகம் ஓர் ஓரத்தில் கிழிந்து, கீழே வெகு ஆழத்தில் ஒரே ஒரு கூரை மட்டும் வெயிலில் மின்னியது. பிள்ளைகள் அதை யாருடைய வீடு என்று சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்களாம். இறக்கத்தில் ஓட்டியவர் மனைவி. அவர்தான் நன்றாக ஓட்டுவார் என்பதை முதல் கேள்வியில் இவர் சொல்லவே இல்லை.

மொத்தம் எட்டே கால் மணி நேரம். நான் ஏழரை என்று கணித்திருந்தேன், அதுவும் தப்பு.

ஏப்ரல் 6, இரவு 8.50

நேற்று மறுபடி அந்தச் சாலை. தங்கை ஓட்டினாள், நானும் அவள் மகனும் பின்னிருக்கையில் ஆளுக்கொரு தாளில் கோடு போட்டு எண்ணினோம். ஏறும்போது இருவருக்கும் 26. அந்த வாசகரிடம் மன்னிப்புக் கேட்க வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன். இறங்கும்போது இருவருக்கும் 27.